சார்பில் போட்ட மாலை

தினமும் காலையில் இந்தக் குழுவில் ரோஜாப்பூ படமும், முழங்கால் வலிக்கு வெந்தயம் ஊறவைக்கும் விதமும் அனுப்பிக்கொண்டிருக்கிற என் அருமைத் தோழிகளே, இன்று ஒருநாள் அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எனக்கு முந்தாநாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் முழுங்கிக்கொண்டு கோபமும் படுகிறாயே என்று என் மகள் திட்டுகிறாள். திட்டட்டும், அவளுக்கு விஷயம் தெரியாது.

முந்தாநாள் ஒரு பையன் போன் செய்தான். நம் ஊர் மன்றத்து ஹாலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ஊருக்குள்ளும் பெரிய காரியம் செய்து பேர் வாங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விழாவாம். "கேப்டன் சார் போட்டோ நல்லதா ஒண்ணு வேணும் மேடம். ஹால்ல மாட்டியிருக்கது மங்கிப்போச்சு. நீங்க ஃபேமிலி சார்பில வந்து கேடயத்த வாங்கிக்கணும்" என்றான். கேப்டன் சார் என்று அவன் சொன்னது என் அப்பாவை.

என் அப்பா புகையிலை மண்டியில் வேலை பார்த்தவர். துப்பாக்கியை அவர் கிட்டத்தில் பார்த்தது பேங்க் வாசலில் நிற்கும் காவல்காரர் கையில்தான். ஊசி போடுகிற இடத்துக்குத் துணைக்குப் போனாலே மயங்கி விழுவார். அவரா கேப்டன்? கேப்டன் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, எல்லையில் சண்டை நடந்தபோது குண்டடி பட்டவர்களை ரயிலில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து, கேப்டன் பதவியோடு ஊர் திரும்பியவள். எண்பதைத் தாண்டி, இதோ என் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

அவளை உங்களுக்குத் தெரியாதா என்ன? நீங்கள் அவளைப் பட்டாளத்தம்மா என்பீர்கள். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பின்னால், ஆவாரம்பட்டையும் பச்சைத்தோலும் நாறுகிற சந்தில், ஓட்டு வீட்டில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தாளே, அவள்தான். உங்கள் தம்பி தங்கைகளில் பாதிப்பேர் அங்கே பிறந்தவர்கள். பிறகு உங்கள் பிள்ளைகளும்தான். வலியில் நீங்கள் போட்ட கூச்சலுக்கு அவள் "கத்துறதுக்கு இருக்க மூச்ச முக்குறதுக்கு வச்சுக்க" என்று அதட்டியதை இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரிப்பெல்லாம் சரிதான், அவள் என்ன பதவியில் இருந்தாள் என்று யாராவது ஒருத்தி கேட்டதுண்டா?

நாம் சின்னப்பிள்ளைகளாக இருந்த அந்தக் கோடையை நினைத்துப் பாருங்கள். குடகனாறு காய்ந்து கிடந்தது. குழாயில் காற்றுதான் வரும். கிணறுகளில் அடியில் கிடந்த கலங்கல் தண்ணீரை ஊரே இறைத்துக் குடித்தது. பிறகு வாந்திபேதி வந்தது. சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தாழ்வாரம் வரைக்கும் படுக்கவைத்தாயிற்று. இடமில்லை. அத்தை போய், லீவில் பூட்டிக் கிடந்த நம் பள்ளிக்கூடத்தின் சாவியை வாங்கிவந்தாள்.

கட்டிலுக்கு எங்கே போவது? தெருத்தெருவாகக் கயிற்றுக் கட்டில்களை வாங்கிவரச் சொன்னாள். நடுவில் கயிற்றை அவிழ்த்து வட்டமாக ஓட்டை விட்டு, கீழே ஒரு வாளியை வைத்தாள். அவ்வளவுதான், நோயாளி எழுந்து ஓட வேண்டாம், தரையும் நாசமாகாது. "நல்ல கட்டிலப் போயி கெடுக்குறாளே பாவி" என்று திட்டிய பக்கத்து வீட்டுக்காரியே மறுநாள் தன் புருஷனை அந்தக் கட்டிலில்தான் கொண்டுவந்து கிடத்தினாள். தோல் ஷாப் பாய் தோலுக்குப் போடுகிற சுண்ணாம்பை மூட்டை மூட்டையாக அனுப்பினார். நாம் வீடுவீடாகப் போய்ப் பழைய வேட்டி, சீலை கேட்டு வாங்கிவந்தோம். கிணற்றுத் தண்ணீருக்கெல்லாம் மருந்து போட்டு ஊதா நிறமாக்கினாள். நம்மில் ஒருத்தி அதைக் கலர் சோடா என்று நினைத்துக் குடித்து உதை வாங்கினாளே, யார் அது? கை தூக்குங்கள்.

அத்தை கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஊதினால் சுண்ணாம்பு தூவுகிறவன் ஓடிவருவான். இரண்டு தரம் ஊதினால் அடுப்படியிலிருந்து வெந்நீர் வரும். "ஜல்தி, ஜல்தி" என்பாள், சீக்கிரம் என்பதற்குப் பட்டாளத்துப் பேச்சு. என் அம்மா பள்ளிக்கூட முற்றத்தில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சினாள். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை அத்தை ஒவ்வொரு வாயிலும் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே இருப்பாள். வாந்தியெடுத்தால் மறுபடி ஊற்றுவாள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை. பிழைக்காதவர்களை அவளே துணி சுற்றிக் கொடுத்தாள். சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடம்புகள் அவை.

என் அப்பா அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? பாலசமுத்திரத்தில், அவருடைய பெரியம்மா மகன் வீட்டில். முதல் வண்டி வந்த அன்றைக்கே பையைத் தூக்கிவிட்டார். "எனக்கு வயிறு முன்னமே சரியில்ல. நீயும் பிள்ளையத் தூக்கிட்டு வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "ஒங்க தங்கச்சிய ஒத்தையில விட்டுட்டா? நீங்க போங்க" என்று சொல்லிவிட்டாள் அம்மா. போனார். நோய் அடங்கி, மழை விழுந்த பிறகு ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து இறங்கினார். கன்னம் உப்பி, நல்ல நிறமாக இருந்தார். அத்தை கண்ணுக்குக் கீழே கறுத்து, வளையல் முழங்கைக்கு ஏறுகிற அளவுக்கு மெலிந்திருந்தாள். மாம்பழத்தை ஊதாத் தண்ணீரில் கழுவாமல் யாரும் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஆகஸ்ட் பதினைந்துக்கு மன்றத்தில் விழா வைத்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்து ஊருக்கு உழைத்தவர்களுக்கு மரியாதை. லாரி டயர் கடை வைத்து நன்றாக வந்திருந்த நொண்டி ஹவில்தார் ஒருத்தர், ஒரு தலைமையாசிரியர், அப்புறம் அத்தை. முதல் நாள் சாயங்காலம் மன்றத்துத் தலைவர், அரிசி மண்டிக்காரர், இன்னும் நாலு ஆண்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்தவர்கள் காபி வந்த பிறகும் கனைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"அம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. மாலை போடப் போறவரு ஒரு பெரிய மனுசர். ஆம்பள. கல்யாணம் ஆகாத பொம்பள கழுத்துல ஆம்பள மாலை போட்டா ஊரு சிரிச்சுப்போகும்" என்றார் தலைவர்.

"அதுக்கென்ன? கையில குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றாள் அத்தை.

"மத்தவங்களுக்குக் கழுத்துல போட்டுட்டு ஒங்களுக்கு மட்டும் கையில குடுத்தா அது மருவாதியா இருக்காதும்மா."

"அப்ப ஒரு பொம்பளைய விட்டுப் போடச் சொல்லுங்க."

"எந்தப் பொம்பளம்மா மேடை ஏறுவா?" என்று அவர் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற என் அம்மா, "நான் ஏறுறேன்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அப்பா திரும்பி, "நீ உள்ள போ" என்றார்.

"செத்த நேரம் பேசி முடிவு பண்ணிக்கிறோம்மா. நீங்க வந்துருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். அப்பா வழியனுப்பப் போனார். சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். அப்பா காதைச் சொறிந்துகொண்டே தலையாட்டியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்கி என்ன? அந்தச் சைக்கிள்களுக்குப் பக்கத்தில்தான் கூட்டுச் சதி நடந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அத்தை கரி இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டு வெள்ளைச் சீலையைத் தேய்த்தாள். தண்ணீர் தெளித்து, கொசுவம் வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். கரிப்புகையும் கஞ்சிபோட்ட துணியின் வாசனையும் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். பதக்கங்களை எடுத்து இடது மார்பில் வரிசையாகக் குத்தினாள். "அத்தை, நீங்க கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றேன். "போடி கழுத" என்றாள், ஆனால் சிரித்தாள். நான் பார்க்க அவள் சந்தோஷமாக இருந்த நாள் அது. அதனால்தான் தோழிகளே, எனக்கு இம்புட்டுக் கோபம்.

நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். முன்னால் நாம் பாய்களில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பக்கத்து நாற்காலிகளில் முதல் வரிசையில் அத்தை. தலைமையாசிரியரைக் கூப்பிட்டார்கள், மாலை விழுந்தது. ஹவில்தாரைக் கூப்பிட்டார்கள், அவர் காலை இழுத்துக்கொண்டு போய் மாலை வாங்கினார். அடுத்தது, "வாந்திபேதியிலிருந்து நம் நகரைக் காத்த கேப்டன்" என்று மைக்கில் பெயரைச் சொன்னதும் அத்தை எழுந்தாள். எழுந்து நின்றுவிட்டாள். "அவர்கள் சார்பில் அவர்களுடைய அண்ணன் மாலையை ஏற்றுக்கொள்வார்" என்று மைக் முடித்தது. என் அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து மேடைக்கு ஏறினார். பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்தார்.

அத்தை நின்றுகொண்டே இருந்தாள். உட்காரவும் தோன்றவில்லை, நடக்கவும் தோன்றவில்லை. ஹால் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அவள் கையால் உயிர் பிழைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், நம் அம்மாக்கள் அத்தனைபேரும். ஒருத்தி எழுந்தாளா? என் அம்மா எழப்போனாள், பக்கத்தில் இருந்த சித்தி முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. தோல் ஷாப் பாய் சம்சாரம். கறுப்புத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு எழுந்து, "ஏங்க, கேப்டனம்மா இந்தா நிக்கிறாங்கல்ல! அவுக இருக்கப்ப அண்ணனுக்கு எதுக்கு மாலை? இங்கிட்டுக் குடுங்க, நான் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே பாதி வழி வந்துவிட்டார்.

"உக்காருங்கம்மா, நேரமாச்சு. அடுத்து பிள்ளைக டான்ஸ் இருக்கு" என்று மன்றத்து ஆள் ஒருத்தன் கையை விரித்து மறித்தான். அடுத்தது நம் டான்ஸ்தான். மூவர்ணக் காகிதக் குச்சியை வைத்துக்கொண்டு ஆடினோம்.

ஒன்றை விட்டுவிட்டேன், டான்ஸுக்கு முன்னால் நடந்தது. மேடையிலிருந்து இறங்கி வந்த ஹவில்தார் தன் நாற்காலிக்குப் போகவில்லை. பெண்கள் பக்கத்துக்கு வந்தார். அத்தைக்கு முன்னால் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "ஜெய் ஹிந்த், ஹவில்தார்" என்றாள் அத்தை. அவருக்குத் தெரிந்திருந்தது, பட்டாளத்தில் அவள் தனக்கு எவ்வளவு மேலே என்று. பின்னால் யாரோ, "காலையிலேயே மிலிட்டரி கேண்டீன் சரக்கு உள்ள போயிருச்சு போல" என்றான். ஹாலே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அத்தை உட்கார்ந்தாள்.

அன்று மாலை அப்பா அந்தச் சம்பங்கி மாலையைக் கொண்டுவந்து சுவரில் மாதா படத்துக்குப் போட்டார். அம்மா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு ஆட்டுக்கு வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் வெறும் சோறு விழுந்தது.

"வெஞ்சனம் எங்கடி?" என்றார் அப்பா.

"மாலை வாங்குனீங்கல்ல, அதத் தொட்டுக்கங்க."

அத்தை சாப்பாட்டுக்கு வரவில்லை. சீலையை மாற்றிக்கொண்டு, யாருக்கோ வலி எடுத்துவிட்டதென்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் மறுநாள் அவளிடம் கேட்டேன், "அப்பா ஏன் அத்தை ஒங்க மாலைய வாங்குச்சு?" என்று. கத்தரிக்கோல்களை வெந்நீரில் போட்டுக்கொண்டே அத்தை சொன்னாள், "உங்கப்பனுக்கு அது வேண்டிக் கெடக்கு. எனக்கு வேலை கெடக்கு." அதோடு சரி. பிறகு எப்போது கேட்டாலும் இதே பதில்தான். பெரிய மனசு, அவள் இதையெல்லாம் பொருட்படுத்துவதே இல்லை என்று நானும் நம்பினேன், ஊரும் நம்பியது. நமக்கு வசதியாக இருந்தது, நம்பினோம்.

மன்றத்துச் சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்று கேட்டபோது, அப்பா அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். கேட்டுவிட்டு எடுக்கவில்லை. படத்துக்குக் கீழே 'கேப்டன்' என்று எழுதி, குடும்பப் பெயரையும் எழுதி மாட்டினார்கள். 'சார்பில்' என்ற சொல்லுக்குப் பலகையில் இடமில்லை போலிருக்கிறது. அத்தை பதக்கங்களைத் திரும்ப வாங்கி ஓவல்டின் டப்பாவில் போட்டு மூடினாள். வீடு மாறியபோது அந்த டப்பா எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

டீக்கடையில் அப்பாவை, "என்ன கேப்டன், டீயா காபியா?" என்று கேலி பண்ணினார்கள். "ஏலே, நான் இல்லப்பா, எந்தங்கச்சி" என்றுதான் முதலில் சொன்னார். கொஞ்சநாளில் "ம்" என்றார். அடுத்த வருஷம் அவரோடு வத்தலக்குண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த ஆளிடம் அப்பா ரயில் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். குளிரில் விறைத்த கையால் ரத்தம் ஏற்றுகிற பாட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றது, விளக்கில்லாத பெட்டியில் நாடித்துடிப்பை விரலால் தேடித் தேடிப் பார்த்தது. எல்லாம் அத்தை எனக்குச் சொன்ன கதை. அத்தை இருந்த இடத்தில் "நான், நான்" என்று போட்டுச் சொன்னார். அந்த ஆள் எழுந்து கும்பிட்டார். எனக்கு அங்கேயே குமட்டிக்கொண்டு வந்தது. பஸ் நாற்றம் என்று நினைத்து அப்பா எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா செத்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'கேப்டன்' என்று போட்டிருந்தது. அத்தைதான் குளிப்பாட்டி, உடுத்தி, அனுப்பிவைத்தாள். போஸ்டரைப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். அவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், சந்தைக்குப் போனால் எனக்கென்று ரிப்பன் வாங்காமல் வந்ததில்லை, ஆனாலும் திட்டுகிறேன்.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். "தம்பி, கேப்டன் சாகல. உள்ளதான் காபி குடிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன் அந்தப் பையனிடம். பையன் பயந்துவிட்டான். முழுக்கதையும் சொன்னேன். "ஐயோ, லேடியா மேடம்?" என்றான். பிறகு யாரிடமோ கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டான். "அழைப்பிதழ் அடிச்சாச்சு மேடம். இந்தத் தடவ இப்பிடியே இருக்கட்டும்னு தலைவர் சொல்றாரு. நீங்க அவங்க சார்பில வந்து..." நான் போனை வைத்துவிட்டேன். எத்தனை வருஷமானாலும் இவர்களுக்கு இந்த ஒரு சொல்தான் வாயில் வருகிறது!

இந்த விழாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன், ஆனால் அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். மத்தியானம் பார்த்தால் ஆளைக் காணோம். சாப்பாட்டு மேசையில் கம்பளியை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைச் சீலையைப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்கிறாள். கையில் என் மகளுடைய இஸ்திரிப் பெட்டி. பிளக் தரையில் கிடக்கிறது.

"இது சூடே ஏற மாட்டேங்குது, பாரு" என்றாள்.

"எதுக்கு அத்தை இப்ப சீலையத் தேய்க்கிறீங்க?"

"ஞாயித்துக்கெழமன்னுதான சொன்னான்?"

"எனக்கு வேலை கெடக்குன்னுதான எப்பவும் சொல்வீங்க அத்தை?" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப என்ன வேலை கெடக்கு?" என்றாள்.

நான் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். கொசுவம் வருகிற இடத்தை அவளே தேய்த்தாள்.

ஆகவே தோழிகளே, இது அழைப்பு இல்லை, உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் மன்றத்துக்கு வாருங்கள். முழங்கால் வலிக்கிறவள் ஆட்டோவில் வரட்டும். அழைப்பிதழில் எவன் பேர் இருந்தாலும் இருக்கட்டும். மேடையில் ஏறவிடாவிட்டால் நாற்காலியில் வைத்தே போடுவோம். பூ மார்க்கெட்டில் மாலைக்குச் சொல்லிவிட்டேன். சம்பங்கிதான், ஆனால் மெல்லிசாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன், அவள் கழுத்து தாங்காது. தோல் ஷாப் பாய் மகளே, நீ முன்னால் வந்து உட்கார். உன் அம்மா பாதி வழி வந்தார், மீதியை நீ நடந்து வந்து போடு. நாங்கள் உன் பின்னால் நிற்கிறோம்.

வரமுடியாதவர்கள் மகனை அனுப்புகிறேன், மருமகளை அனுப்புகிறேன் என்று சொல்லாதீர்கள். யாரும் யார் சார்பிலும் வரவேண்டாம்.